இருமலை விழுங்கியவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தம்பியின் வாயைக் கிளறி எடுத்தது. அவன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறான். ஒரு விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு சுவாரசியத்தில் தண்ணீரைக் கடகடவென்று குடிக்கப் போய் எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் முட்ட இருமிக்கொண்டிருக்கிறேன். கூடப்பிறந்தவன் பதறி எழுந்திருக்க வேண்டாமா? அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"நல்லா இருமுறக்கா. இப்படி இருமுறவங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. தண்ணி தப்பான வழியில போயும் இருமாம உக்காந்திருப்பாங்க பாரு, அவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயம்."

என் இருமல் நின்றுவிட்டது. "என்னடா சொன்ன? மறுபடி சொல்லு" என்றேன்.

சொன்னான். பக்கவாதம் தாக்கியவர்களுக்குக் கை கால் மட்டும் விழுவதில்லை. சிலருக்கு விழுங்குகிற வேலையும் குழம்பிப்போகும். தொண்டைக்குள் சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. நாம் விழுங்கும்போது மூச்சு வழி தானாக மூடிக்கொள்ளும். அந்த மூடல் பிசகினால் குடித்த தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆளையே கொண்டுபோனாலும் போகும். அதனால் பக்கவாதம் என்று வருகிற யாருக்கும், விழுங்கிப் பார்க்கும் சோதனை முடியும்வரை, வாய்வழியாக எதுவும் தரக் கூடாது. ஒரு மாத்திரைகூட, ஒரு வாய் தண்ணீர்கூட.

"சோதனைன்னா? மெஷினா?"

"டீஸ்பூன்" என்றான்.

வாசகரே, நான் இருபத்தைந்து வருடமாகத் துப்பறியும் கதைகள் எழுதுகிறவள். கத்தி, விஷம், தள்ளிவிடப்பட்ட மாமனார் என்று எல்லாவற்றையும் கையாண்டிருக்கிறேன். ஒரு டீஸ்பூன் தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவதை மூன்று பேர் மூச்சைப் பிடித்துப் பார்க்கிற காட்சிக்குப் பக்கத்தில் அவையெல்லாம் உறை போடக் காணாது. அன்று நான் பாத்திரம்கூடக் கழுவவில்லை. நேரே எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுகள் விலகியபோது, மரணம் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே—"

[நிறுத்திவிட்டேன். மரணம் கதவு வழியாக வருவதை இனி யாரும் எழுதக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.]

இரண்டாவது முயற்சி:

"நீரின்றி உயிரில்லை. ஆனால் அந்த நீரே சில வேளைகளில்—"

[பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசு.]

மூன்றாவது முயற்சி:

"சைலன்ஸ் சாருக்குத் தாகமாக இருந்தது."

இது நிற்கட்டும். எனக்கே பிடித்திருக்கிறது.

3

சைலன்ஸ் சார் யார் என்று கேட்பீர்கள். இந்த ஆள் கிடைத்தபோது நான் காய்கறிக் கடையில் இருந்தேன். எனக்கு இருமாத ஒருவர் வேண்டும். தம்பி சொன்ன ரகத்தில், நோயினால் தொண்டை மரத்துப்போய் இருமல் வராதவர்கள் உண்டு. ஆனால் அதில் கதை இல்லை. உடம்பின் குற்றத்துக்கு மனுஷர் என்ன செய்வார். இருமல் வந்தும் இருமாத ஒருவர் வேண்டும். வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். நூலகர்? வேண்டாம், நூலகர்கள்தான் ஊரிலேயே அதிகம் இருமுவார்கள். பரண்மேல் ஒளிந்திருக்கும் திருடன்? பழைய பழக்கதோஷம். அப்புறம் திடீரென்று வந்தது: ஒலிப்பதிவாளர். ஸ்டுடியோவில் மற்றவர்கள் பேசுவதைப் பதிவு செய்கிறவர். அவர் ஒருமுறை இருமினால் எல்லாருடைய உழைப்பும் பாழ், முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

பொறுக்கிய வெண்டைக்காயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

ஆக, இவர் ஒலிப்பதிவாளர். நாடகங்களுக்கும் கதை வாசிப்புகளுக்கும் குரல் பதிவு செய்கிறவர். ஒவ்வொரு முறையும் பதிவு தொடங்கும் முன் "சைலன்ஸ்" என்று ஒரு குரல் கொடுப்பார், அதுவே பெயராகிவிட்டது. அவர் அறையில் பதிவு ஓடும்போது மின்விசிறி சுற்றாது. நாற்காலி கிறீச்சிடும் என்று மர முக்காலியில் உட்காருவார். செருப்பு போட மாட்டார். இருமல் வந்தால் உதட்டை இறுக்கி, தாடையைக் கீழே இழுத்து, அதை அப்படியே விழுங்கிவிடுவார். அந்தச் சமயம் அவருடைய கால்விரல்கள் உள்ளே மடங்கும். வேறு எதுவும் அசையாது. முகம் கோயில் சிலை.

கல்யாணமான புதிதில் மனைவியை ஒருமுறை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவள் மூலையில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "உங்க கால்விரல் ஏன் அப்பப்ப மடங்குது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பார்த்துட்டியா? யார்கிட்டயும் சொல்லிடாத. என் பொழைப்பே அதுலதான் ஓடுது."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் தாம்பத்தியத்தில் அது ஒரு செல்லமான ரகசியம். விருந்தாளிகள் முன்னால், கல்யாண வீடுகளில், மகளின் பள்ளி மேடைப் பேச்சின்போது என்று அவர் கால்விரல் மடங்கும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் சிரிப்பு வரும்.

4

காட்சி. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முற்பகல். ஸ்டுடியோவில் ஒரு கதை வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, ஒலி அளவைக் கூட்டும் விசையைத் தள்ளச் சொன்னால் சைலன்ஸ் சாரின் வலது கை கேட்கவில்லை. அவர் அதைக் கையின் குற்றம் என்று நினைக்காமல் விசையின் குற்றம் என்று நினைத்து இடது கையால் தள்ளினார். கதை படித்துக்கொண்டிருந்த பெண்தான் கண்ணாடி வழியாக அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்து எழுந்து ஓடி வந்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது. மருத்துவர் "சீக்கிரம் வந்துட்டீங்க, நல்ல வேளை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

இப்போது கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருக்கிறது. திரை பாதி இழுத்திருக்கிறது. பேச்சு குழறலாக வருகிறது, ஆனால் புரிகிறது. அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"தண்ணி."

"தரக் கூடாதாம். நர்ஸ் வந்து பார்த்தப்புறம்தானாம்."

"காபி."

"தண்ணியே தரக் கூடாதுங்கறேன், காபி கேட்கறீங்க."

நர்ஸ் வந்தாள். கையில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு டீஸ்பூன். அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள், முதுகுக்குத் தலையணை கொடுத்தாள், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். அதற்குள் அவர் மனைவியிடம் தலையைச் சாய்த்து, இருக்கிற நாக்கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாஸாயிட்டா… வீட்டுக்குப் போயிடலாம்."

* அப்படியெல்லாம் யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தேறினால் தண்ணீரும் மாத்திரையும் வாய்வழியாகத் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் சைலன்ஸ் சார் அப்படி நினைத்துக்கொண்டார். மனைவியும் அதைத் திருத்தவில்லை.

முதல் ஸ்பூன். நர்ஸின் விரல்கள் அவர் தொண்டையில் மெல்லப் பதிந்திருக்கின்றன. தொண்டை ஏறி இறங்குகிறது. "ஆ சொல்லுங்கய்யா." "ஆ." பரவாயில்லை.

இரண்டாவது. ஏறி இறங்குகிறது. "ஆ." பரவாயில்லை.

மூன்றாவது.

5

[இங்கே எழுதுவதை நிறுத்தித் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வந்தான். வந்தவனை உட்காரக்கூட விடாமல் "எனக்கு டெஸ்ட் பண்ணு" என்றேன்.]

சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் என் எதிரே முக்காலி போட்டு, இரண்டு விரலை என் தொண்டையில் வைத்து, ஸ்பூனை நீட்டினான். வேலை தெரிந்த கை. வீட்டில் ஒரு பொருளை ஒழுங்காக வைக்கத் தெரியாதவன் கை இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"விழுங்கு. ஆ சொல்லு."

"ஆ."

"இப்ப உன் குரல் தண்ணியில முங்கின மாதிரி இருந்தா, இல்ல இருமினா, மூச்சு வாங்கினா, வாய் ஓரம் வழிஞ்சா, அதோட நிறுத்திடுவேன். மூணு ஸ்பூனும் ஒழுங்கா இறங்கினாதான் டம்ளர்."

"இருமல் வருது, ஆனா அடக்கிட்டேன்னு வெச்சுக்கோ. கண்டுபிடிப்பியா?"

"எதுக்கு அடக்கணும்?"

"வெச்சுக்கோயேன்டா."

யோசித்தான். "கொஞ்ச நேரத்துக்கு அடக்கலாம். முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா குரல் காட்டிக்கொடுத்துடும். அதான் வீட்டுக்காரங்ககிட்ட கேட்போம், இதுதான் இவரோட வழக்கமான குரலான்னு. நாங்க அவரை இன்னைக்குத்தானே பார்க்கிறோம்."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஸ்பூனில் இருந்த தண்ணீர் அவன் சட்டையில். மன்னிக்க வேண்டும், ஆனால் நீங்களே சொல்லுங்கள்: ஒரு கணவனின் உயிர், மனைவியின் ஒரு பதிலில். அதை இவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறான்.

"அவங்க பொய் சொன்னா?" என்றேன்.

"பொய்னு தெரிஞ்சு சொல்ல மாட்டாங்கக்கா. எங்களை வாத்தியார் மாதிரி நினைச்சுக்குவாங்க. அந்தாளு ஃபெயிலாயிடுவாரோன்னு பயம். ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு விடை காட்டுவோம்ல, அந்த மாதிரி காப்பாத்தப் பார்ப்பாங்க. 'அவருக்கு எப்பவுமே இப்படித்தான்'னு சொல்லிடுவாங்க. பாவம், நல்ல எண்ணத்துலதான். இதுல ஃபெயிலாறதும் ஒரு நல்லதுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு நடந்திருக்கா?"

"எல்லாருக்கும் நடந்திருக்கும்" என்றான். நான் மேலே கேட்கவில்லை. [கேட்டேன். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.]

6

மூன்றாவது ஸ்பூன்.

சைலன்ஸ் சாரின் தொண்டை ஏறுகிறது. கொஞ்சம் தாமதமாக இறங்குகிறது. உதடு இறுகுகிறது, விழுந்த பக்கம் சரியாக இறுகவில்லை. தாடை கீழே போகிறது. முகத்தில் எதுவும் இல்லை. நர்ஸ் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் அவள் வேலை.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவி அனிச்சையாகக் காலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவர் பாதங்களின் பத்து விரல்களும் உள்ளே மடங்கின.

[தம்பி படித்துவிட்டு: "எந்தப் பக்கம் விழுந்திருக்குன்னு எழுதின?"
"வலது."
"அப்புறம் எப்படிப் பத்து விரலும் மடங்கும்?"
என் மண்டையில் யாரோ நச்சென்று குட்டியது போல இருந்தது. திருத்துகிறேன்.]

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவி அனிச்சையாகக் காலைப் பார்த்தாள். இடது பாதத்தின் விரல்கள் உள்ளே மடங்கின. வலது பாதம் சும்மா கிடந்தது. காலையிலிருந்து ஸ்கேன், ஊசி, மருத்துவர் என்று எல்லாரும் அவளுக்கு எவ்வளவோ விளக்கியிருந்தார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வலது பாதத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"ஆ சொல்லுங்கய்யா."

"ஆ." குழாய்த் தண்ணீர் வாளியில் விழுவதைப்போல் ஒரு கொழகொழப்பு.

நர்ஸ் தலையைச் சாய்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் செருப்பைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இதுதான் இவரோட வழக்கமான குரலா?"

சைலன்ஸ் சார் மனைவியைப் பார்த்தார். கண்ணிலேயே கும்பிட்டார்.

"ஆமாம்மா" என்றாள் அவள். "அவருக்கு எப்பவுமே தொண்டை கொஞ்சம் அப்படித்தான்."

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு டம்ளரில் தண்ணீரை ஊற்றினாள்.

7

இப்போது சந்தேகங்கள். எனக்கு நர்ஸ் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவளை ஞானியாக எழுதியிருந்தேன். கருணை பொங்கும் கண்கள், எல்லாம் தெரிந்த புன்னகை. தம்பி அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "யாரு இவங்க? எங்க வார்டுக்கு அனுப்பி வையேன், ஒரு நாள் தாங்க மாட்டாங்க" என்றான். அடித்துவிட்டேன். இப்போதிருக்கிற நர்ஸுக்குப் பசிக்கிறது, கால் கடுக்கிறது, இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள், கிடைத்த பதிலை நம்பினாள்.

* தம்பி இதையும் விடவில்லை. "நானா இருந்தா அந்தக் குரலைக் கேட்டதுமே நிறுத்தியிருப்பேன். வீட்டுக்காரங்க என்ன சொன்னாலும் சரி." நான் சொன்னேன்: "நீ அங்க இல்லையே. நான் உன்னை வேலைக்கு வைக்கல." கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சத்தம் இருந்தா ஒண்ணும் கேட்காதுதான்" என்றான்.

மனைவிமேல் பெரிய சந்தேகம். உயிர் போகிற விஷயத்தில் ஒருத்தி பொய் சொல்வாளா? சொல்லமாட்டாள் என்று இரண்டு நாள் நானே எனக்கு எதிராக வாதாடினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு அந்தக் கேள்வி உயிரைப் பற்றிய கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் காதில் விழுந்தது வேறு: "உன் புருஷனைக் காட்டிக்கொடுக்கிறாயா?" இவ்வளவு காலம் அவர் அவளைக் காக்கச் சொன்ன ஒரே ரகசியம் அது. நாக்கும் குழறி, ஒரு பக்கமும் விழுந்து, அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே கெட்டிக்காரத்தனமும் அதுதான். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

சைலன்ஸ் சார்மேலும் கொஞ்சம் கோபம். மனுஷா, உன் நுரையீரல் ஐயா அது. ஆனால் தம்பி சொன்னான்: "அங்க வந்து யாரும் சாவைப் பத்தி யோசிக்கறதில்லக்கா. தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்."

8

முடிவுக்கு வந்துவிட்டோம். டம்ளர் நிறைந்திருக்கிறது. என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவு: மனைவி வாய் திறக்கிறாள். "பொய் சொல்லிட்டேம்மா. அவருக்கு இருமல் வந்துச்சு, அடக்கிட்டார். கால்விரலைப் பாருங்க." நர்ஸ் டம்ளரை எடுத்துவிடுகிறாள். நுரையீரல் பிழைக்கிறது. சைலன்ஸ் சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதற்குப் பிறகு அவர் அவளோடு—

[தெரியவில்லை. எழுதினேன், அழித்தேன். ஆள் பிழைத்தார், கதை செத்துவிட்டது. ஒரு பெரியவரை இரண்டு பெண்கள் சேர்ந்து திருடனைப் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டார்கள்.]

இரண்டாவது முடிவு: மனைவி வாய் திறக்கவில்லை. சைலன்ஸ் சார் டம்ளரை வாங்கி மடக் மடக்கென்று குடிக்கிறார். இடது கால்விரல்கள் மடங்கி மடங்கி விரிகின்றன. மூன்றாம் நாள்—

[மூன்றாம் நாளை எழுதவில்லை. தம்பி என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "இது எனக்குத் தெரியும். நீ எழுத வேணாம்" என்றான். நான் வாதாடவில்லை.]

நடுவில் ஒரு பித்தலாட்டமும் செய்து பார்த்தேன். விரல் நுனியில் மாட்டுகிற கருவி இருக்கிறதே, நாடித் துடிப்புக்கு. அது சிவப்பாக ஒளிரும். ஸ்டுடியோவில் பதிவு ஓடும்போது எரிகிற விளக்கும் சிவப்பு. மனைவி அந்த விரலை உள்ளங்கையால் மூடி, "லைட் அணைஞ்சிடுச்சு" என்று சொல்வதாக எழுதிவிட்டு எனக்கே புல்லரித்து அறைக்குள் ரெண்டு சுற்று நடந்தேன். தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் கைதட்டினான். கைதட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. வெட்டிவிட்டேன்.

ஆக முடிவில்லை. ஒரு வாரம் டம்ளர் அப்படியே அந்தரத்தில் நின்றது. நானும் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கடைசியில் தம்பி, கிளம்புகிற அவசரத்தில், வாசலில் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டான்:

"ஏன்க்கா, உன் கதையில அந்தம்மா பேசினா நர்ஸ்கிட்டதான் பேசணுமா? அந்தாளுகிட்ட பேசக் கூடாதா?"

9

வாசகரே, அவன் தெருமுனை திரும்புவதற்குள் நான் மேசையில் இருந்தேன். தட்டச்சு பிழை பிழையாக வந்தது, திருத்த நேரமில்லை. அப்படியே தருகிறேன்.

நர்ஸ் டம்ளரை நீட்டுகிறாள். சைலன்ஸ் சாரின் இடது கை அதை வாங்க எழுகிறது.

மனைவி கால்மாட்டிலிருந்து நடந்து வருகிறாள். டம்ளருக்கும் அவருக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். எழுந்த அந்தக் கையைப் பிடித்து மெத்தைமேல் வைத்து, பிடித்தபடியே இருக்கிறாள்.

"என்னங்க."

அவர் பார்க்கிறார்.

"இங்க எதுவும் ரெக்கார்டு ஆகல."

அவர் தலையை லேசாக ஆட்டுகிறார், வேண்டாம் என்று. தொண்டையில் ஏதோ மேலும் கீழும் போகிறது.

"யாரும் படிச்சிட்டிருக்கல. யாரோட உழைப்பும் வீணாகாது. அங்க ஒருத்தர் செருப்புக்காகக் கத்திட்டிருக்கார் பாருங்க, இந்தச் சத்தத்துல உங்க இருமல் யாருக்குக் கேட்கப்போகுது? எனக்கு ஒருத்திக்குத்தான் கேட்கும். எனக்குக் கேட்கணும். எத்தனை வருஷம் விழுங்கினீங்க, போதும். இருமுங்க."

நர்ஸ் டம்ளரோடு அப்படியே நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டுவிட்டாள். கெட்டிக்காரி.

"இருமுங்க" என்று மறுபடியும் சொல்கிறாள் மனைவி. இப்போது அவள் குரலே உடைந்துபோகிறது.

சைலன்ஸ் சாரின் உதடு இறுகுகிறது. தாடை கீழே இறங்குகிறது. பாதிவழியில் நிற்கிறது.

பிறகு வந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு சின்ன இருமல், அதன் பின்னால் அடக்கிவைத்த அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அழகான இருமல் இல்லை. சளியும் தண்ணீருமாக, கண் பிதுங்க, முகம் சிவக்க, கட்டில் கம்பி கடகடக்க இருமினார். செருப்பைத் தேடியவர் கத்துவதை நிறுத்திவிட்டுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நர்ஸ் டம்ளரை வைத்துவிட்டுப் பாய்ந்து வந்து அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "அப்படித்தான்ய்யா. நல்லா இருமுங்க. இன்னும்."

மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது. துப்பறியும் கதைகளில் எத்தனையோ பேரைத் தூக்குமேடைவரை கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறேன். ஒருவர் இருமியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

10

இனி நடக்கப்போகிற சில விஷயங்கள் எனக்கே தெரியும். நர்ஸ் அவருக்குத் தண்ணீர் தர மாட்டாள். கட்டிலுக்கு மேலே "வாய்வழி எதுவும் தரக் கூடாது" என்று அட்டை தொங்கும், கையில் டிரிப்ஸ் ஏறும், மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று மருத்துவர் யோசிப்பார். விழுங்கும் பயிற்சி தருகிறவர் வந்து மறுபடி சோதிப்பார். சைலன்ஸ் சார் சோதனையில் தோற்றுவிட்டார், அதுவும் மனைவியால். காபி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை தேறுவாரா என்று தம்பியிடம் கேட்டேன். "நிறைய பேர் தேறிடுவாங்க. எல்லாரும் இல்ல" என்றான்.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை உங்களிடம் விடுகிறேன்.

இருமல் மெல்ல அடங்குகிறது. நர்ஸ் அவர் வாயைத் துடைத்துவிட்டு, திரையை முழுதாக இழுத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிடப் போய்விட்டாள். உள்ளே இரண்டு பேர்தான். மனைவி இன்னும் அந்தக் கையை விடவில்லை. அவர் தலையணையில் சாய்ந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். ஏதோ சொல்கிறார்.

கோபமா, நன்றியா, காபியா, என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. குரல் தெளிந்திருக்கிறதா, இன்னும் கொழகொழப்பாகவே இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை. நீங்கள் என்னைவிடப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து கேளுங்கள். நான் தட்டச்சை நிறுத்திக்கொள்கிறேன், இந்தச் சத்தத்தில் உங்களுக்கும் கேட்காமல் போய்விடும்.